எமகண்டத்துக்கு முன் வைத்த சீல்

1

என் மகள் யாழினி இந்த மார்ச் மாதம் முதல் முறையாக ஓட்டுப் போட்டாள். சிட்னியில் பிறந்து சிட்னியிலேயே வளர்ந்தவள். இங்கே ஓட்டுப் போடாமல் இருந்தால் வீட்டுக்கு அபராதக் கடிதம் வரும். அந்தப் பயத்தில்தான் வந்தாள், ஆசைப்பட்டு அல்ல.

"யாரெல்லாம் ஓடுறாங்கப்பா?" என்று காரில் கேட்டாள். நம் ஊரில் தேர்தலில் நிற்பார்கள்; இவள் ஆங்கிலத்தில் யோசித்துத் தமிழில் பேசுகிறவள் ஆதலால் ஓட விட்டுவிட்டாள். நான் திருத்தவில்லை. பதினெட்டு வயதில் என்னோடு தமிழில் பேசுகிறாளே, அது போதும் என்று விட்டுவிடும் நிலைக்கு வந்துவிட்டேன்.

ஓட்டுச்சாவடி ஓர் ஆரம்பப் பள்ளிக்கூடம். வாசலில் பெற்றோர் சங்கத்தார் அடுப்பு வைத்து, ரொட்டியில் சாசேஜ் மடித்து விற்றுக்கொண்டிருந்தார்கள். உள்ளே அட்டைத் தடுப்பு. நூலில் கட்டித் தொங்கவிட்ட பென்சில். போலீஸ் இல்லை, கொடி இல்லை, கும்பிடு இல்லை. எனக்குப் பிடித்தவர் யார் என்று நான் இன்னும் தேடிக்கொண்டிருந்தபோதே யாழினி வெளியே போய் சாசேஜ் வரிசையில் நின்றுவிட்டாள்.

"யாருக்குப் போட்ட?"

"மேலேருந்து கீழ வரைக்கும் ஒன்னு, ரெண்டு, மூணுன்னு போட்டேன். ஈஸி."

இங்கே அதற்குக் கழுதை ஓட்டு என்றே பெயர் வைத்திருக்கிறார்கள். எனக்குச் சுர்ரென்று கோபம் வந்தது. வீடு வரும்வரை பேசினேன். ஓட்டுரிமை, வெள்ளைக்காரனிடமிருந்து அதை வாங்கப் பட்ட பாடு, உலகத்திலேயே பெரிய ஜனநாயகம் என்று ஒன்று விடாமல் பேசினேன். இங்குள்ள நம்மவர்கள் மாதக் கூட்டத்தில் வடையைக் கடித்துக்கொண்டு பேசுகிற அதே பேச்சு. அந்தப் பேச்சைக் கேட்டாலே எனக்குக் குமட்டும். அன்றைக்கு அது என் வாயிலிருந்தே வந்தது.

அவள் பொறுமையாகக் கேட்டுவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டாள். "அப்ப சிதம்பரம் மாமாவுக்கு ஏன் அப்படிப் பண்ணாங்க?"



2

சிதம்பரம் மாமா என்று அவள் சொல்வது என் அக்கா தனலட்சுமியின் கணவர் கலியபெருமாளை. அரசுப் பள்ளியில் கணக்கு வாத்தியார். எனக்கும் அவர் மாமாதான். அவருக்கு நான் மச்சான். சட்டைப் பையில் எப்போதும் இரண்டு பேனா, ஒன்று சிவப்பு. யாரையும் அதட்டிப் பேசி நான் பார்த்ததில்லை.

2009 நாடாளுமன்றத் தேர்தலின்போது நான் லீவில் அக்கா வீட்டில் இருந்தேன். மாமாவுக்குத் தேர்தல் வேலை போட்டிருந்தார்கள். சிதம்பரத்துக்கும் பிச்சாவரத்துக்கும் நடுவில் ஒரு கிராமத்துப் பள்ளிக்கூடம். அந்தச் சாவடிக்கு அவர்தான் தலைமை அதிகாரி. தொகுதியின் பெயர், கட்சிகளின் பெயர் எதையும் நான் எழுதப் போவதில்லை. எந்தப் பெயரைப் போட்டாலும் கதை மாறாது.

ஓட்டு இயந்திரத்தைப் பார்த்திராதவர்களுக்கு ஒரு வார்த்தை. காலையில் ஓட்டுப்பதிவு தொடங்குவதற்கு முன்னால், கட்சி ஏஜெண்டுகள் கண்ணெதிரே மாதிரி ஓட்டுப் போட்டுக் காட்ட வேண்டும். இயந்திரம் ஒழுங்காக எண்ணுகிறதா என்று பார்த்துவிட்டு, 'கிளியர்' பட்டனை அமுக்கி அந்த மாதிரி ஓட்டுகளை அழித்துவிட வேண்டும். அதன் பிறகுதான் சீல். இவ்வளவுதான் வேலை. ஒரு குழந்தைக்குச் சொன்னாலும் புரிந்துவிடும்.

அன்றைக்குப் புதன்கிழமை. புதன்கிழமை ஏழரைக்கு எமகண்டம் பிறக்கிறது.

ஓர் ஏஜெண்ட் கோயிலுக்குப் போய் அர்ச்சனை முடித்து நெற்றி நிறையக் குங்குமத்தோடு தாமதமாக வந்தார். பிறகு மாதிரி ஓட்டில் யாருக்கு எத்தனை என்று தகராறு. பொய் ஓட்டுதானே என்று யாரும் விட்டுக்கொடுக்கவில்லை. கடைசியில் ஆளுக்குச் சமமாகக் குத்துவது என்று முடிவானது. எல்லோரும் குத்தி முடித்தபோது ஏழேகால் தாண்டிவிட்டது.

"சார், சீக்கிரம் சீல வையுங்க. எமகண்டம் புடிச்சிடும்" என்றார் குங்குமக்காரர்.

"ரிசல்ட் பார்த்துட்டு வைக்கணுங்க. அதான் முறை" என்று மாமா சொல்லியிருக்கிறார்.

"அதெல்லாம் சரியாத்தான் இருக்கும் சார். எமகண்டத்துல சீல் வச்சிட்டு எங்க ஆளு தோத்துட்டாருன்னா ஊருல என்னைய கேப்பாங்க. நீங்களா வந்து பதில் சொல்வீங்க?"

எதிர்க்கட்சி ஏஜெண்ட் ஒருவர், ஊர் ஊராக மேடை போட்டுப் பகுத்தறிவு பேசுகிறவர், அவரும் மாமா தோளைத் தொட்டார். "நமக்கு இதுல நம்பிக்கை கிடையாது சார். ஆனா சனங்க பாக்குதில்ல? வச்சிடுங்க, பிரச்னை வேணாம்."

சுயேச்சை வேட்பாளரின் ஏஜெண்ட் அதற்குள் ஒரு சூடக்கட்டியைப் பொருத்தி இயந்திரத்தைச் சுற்றிக் காட்டத் தொடங்கிவிட்டார். அரக்கு உருகியது, சீல் விழுந்தது, எல்லோரும் கையெழுத்துப் போட்டார்கள். ஏழரைக்கு இன்னும் ஓரிரு நிமிடம் பாக்கி. அத்தனை கட்சிக்காரர்களும் ஒரே முகமாகச் சிரித்தார்கள். கிளியர் பட்டனை யாரும் தொடவில்லை.

3

சாயங்காலம் கணக்குப் பார்த்தபோது, ஓட்டுப் போட வந்தவர்களைவிட இயந்திரத்தில் விழுந்த ஓட்டு ஜாஸ்தியாக இருந்தது. எவ்வளவு ஜாஸ்தி என்று பார்த்தவுடன் மாமாவுக்கு விளங்கிவிட்டது. காலையில் போட்ட மாதிரி ஓட்டு அப்படியே உள்ளே உட்கார்ந்திருக்கிறது.

ஏஜெண்டுகள் அசரவே இல்லை. "இதுக்கு ஏன் சார் இப்படி வேர்க்கிறீங்க? ஓட்டுப் போட வராதவன் எத்தினி பேரு இருக்கான். அவுங்க பேருக்கு நேரா நாங்க கைநாட்டு வச்சிடுறோம். கணக்கு நேராயிடும்" என்றார் பகுத்தறிவுக்காரர். குங்குமக்காரர் மை அட்டையை எடுத்தே விட்டார். நாள் முழுக்க முறைத்துக்கொண்டிருந்த இரண்டு பேரும் இதில் மட்டும் ஒரே கட்சி.

மாமா ஒப்புக்கொள்ளவில்லை. நடந்ததை நடந்தபடி எழுதினார். மாதிரி ஓட்டை அழிக்கவில்லை, எமகண்டத்துக்கு முன் சீல் வைக்கச் சொல்லி ஏஜெண்டுகள் அவசரப்படுத்தினார்கள், தவறு என்னுடையது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டு வந்தார்.

மறுநாள் காலையில் வீட்டுக்கு வந்து, காபியைக்கூடத் தொடாமல் என்னிடம் இதை ஒப்பித்தார். அக்கா தலையில் அடித்துக்கொண்டாள். "அவுங்கதான் சரிப்படுத்துறோம்னு சொன்னாங்கல்ல? உங்களுக்கு என்னா வந்துச்சு? இன்னும் ஒரு வருசத்துல ரிட்டையர் ஆவப்போற மனுசன்!"

"கள்ளக் கைநாட்டு வச்சா அது தப்பு இல்ல தனம், குத்தம்" என்றார் மாமா. அவ்வளவுதான் சொன்னார். எழுந்து குளிக்கப் போய்விட்டார்.

எண்ணிக்கை நாளன்று எங்கள் தொகுதியில் தோற்றவருக்கு இந்தச் சாவடி லட்டு மாதிரி கிடைத்தது. ஜெயித்தவருக்கும் அவருக்கும் இருந்த வித்தியாசம் இந்த ஒரு சாவடியை மொத்தமாகத் தள்ளிவிட்டாலும் மாறாது. அதுவும் போக, மாதிரி ஓட்டு எல்லோருக்கும் சமமாக விழுந்தது. இதெல்லாம் தெரிந்தும் டிவி கேமரா முன்னால் நின்று, "ஜனநாயகப் படுகொலை! இந்த ஒரு பூத்தே சாட்சி!" என்று முழங்கினார். நாற்காலிகள் உடைந்தன. பஸ்கள் நின்றன. ஜெயித்தவரின் ஆட்கள் சும்மா இருப்பார்களா? "அந்த வாத்தியாரு எதிர்க்கட்சி கைக்கூலி" என்றார்கள். தோற்றவரின் ஆட்கள், "ஆளுங்கட்சி கைக்கூலி" என்றார்கள். ஒரே ஆளை இரண்டு பக்கமும் கூலிக்கு வாங்கியதாகச் சொன்ன அதிசயத்தை எந்தப் பத்திரிகையும் கேள்வி கேட்கவில்லை.

தோற்றவர் தேர்தல் செல்லாது என்று சென்னையில் வழக்குப் போட்டார். மாமாவை சஸ்பெண்ட் செய்தார்கள். நான் லீவு முடிந்து விமானம் ஏறினேன். இங்கே வந்ததும் ஆபீஸில் ஒருவன், "உங்கள் தேர்தல் எவ்வளவு வண்ணமயமாக இருக்கிறது!" என்று ஆச்சரியப்பட்டான். நானும் பல்லைக் காட்டினேன்.

4

மாமாவுக்குப் 'பதினேழு பி' வந்தது; அரசாங்க வேலையில் இருந்தவர்களுக்கு அந்தப் பெயரே போதும். பெரிய தண்டனை கொடுக்கப் போகிறோம் என்று குற்றச்சாட்டு எழுதி அனுப்புவது. அது தலைக்கு மேல் தொங்கும்வரை ஓய்வு பெற விடமாட்டார்கள்; முழு ஓய்வூதியமும் வராது. வேலைக்கும் போக முடியாது, வீட்டிலும் நிம்மதியாக உட்கார முடியாது.

அடுத்த வருடம் மே மாதக் கடைசியில் மாமா ஓய்வு பெற வேண்டிய நாள் வந்தது. உடன் வேலை செய்த வாத்தியார்கள் நல்ல மனுஷர்கள். எப்படியும் உத்தரவு வந்துவிடும் என்று நம்பி, பிரிவு உபசாரத்துக்கு ஏற்பாடு செய்துவிட்டார்கள். ரோஜா மாலை, பொன்னாடை, சுவர்க் கடிகாரம், குரூப் போட்டோவுக்கு ஆள், மிக்சர் பொட்டலம் எல்லாம் தயார். அக்கா புதுப் புடவை கட்டிக்கொண்டு முன் வரிசையில் உட்கார்ந்திருந்தாள். சாயங்காலம் தகவல் வந்தது. ஓய்வு பெற அனுமதி இல்லை.

தலைமை ஆசிரியர் பொன்னாடையை மறுபடி மடித்துக் கவரில் போட்டு, "ஆர்டர் வந்ததும் போத்திடலாம் சார்" என்று பீரோவில் வைத்துப் பூட்டினாராம். மிக்சரை மட்டும் எல்லோரும் சாப்பிட்டார்கள். வாங்கியாகிவிட்டதே.

அதற்குப் பிறகு அக்கா கல்யாணம் காட்சிக்குப் போவதை நிறுத்திவிட்டாள். போன இடத்தில் எல்லாம், "சார் ரிட்டையர் ஆயிட்டாரா?" என்ற கேள்வி. ஆமாம் என்றாலும் பொய், இல்லை என்றாலும் விளக்க வேண்டும்.

அந்த டிசம்பரில் குடும்பத்தோடு ஊருக்குப் போனேன். யாழினிக்கு அங்கே கொசுவும் பொழுதுபோகாமையும்தான் நினைவிருக்கும் என்று எண்ணியிருந்தேன். ஒருநாள் மாமாவிடம் போய், "நீங்க வேலையில இருக்கீங்களா, இல்லியா மாமா?" என்று கேட்டாள்.

"அதைத்தாம்மா நானும் எல்லாரையும் கேட்டுக்கிட்டு இருக்கேன்" என்றார்.

அவருடைய விசாரணை அந்த வாரம் கடலூர் மஞ்சக்குப்பத்தில் ஓர் ஆபீஸில். நானும் துணைக்குப் போனேன். வெள்ளிக்கிழமை. பத்தரைக்கு வரச் சொல்லியிருந்தார்கள். பத்து மணிக்கே போய்விட்டோம். அதே ஏஜெண்டுகள் இரண்டு பேரும் எதிர் பெஞ்சில் உட்கார்ந்து, ஒரே காகிதத்திலிருந்து பஜ்ஜி தின்றுகொண்டிருந்தார்கள். "வாங்க சார், டீ சாப்டுங்க" என்று மாமாவுக்கு இடம் வேறு விட்டார்கள்.

பதினொன்று ஆனது. அதிகாரி உள்ளேதான் இருந்தார். பேப்பர் படிப்பது அரைக்கதவுக்கு மேலே தெரிந்தது. நான் ஆபீஸ் உதவியாளரிடம் போய், சிட்னிப் பழக்கத்தில், "மன்னிக்கணும், எங்களுக்குப் பத்தரைக்கு நேரம் கொடுத்திருந்தாங்க" என்றேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"ஐயா பன்னெண்டு மணிக்கு மேலதான் ஃபைலத் தொடுவாருங்க. இன்னைக்கு வெள்ளிக்கெழம இல்ல?"

வெள்ளிக்கிழமை பத்தரை முதல் பன்னிரண்டு வரை ராகுகாலம்.

நான் மாமாவைப் பார்த்தேன். அவர் தரையைப் பார்த்தார். பன்னிரண்டு அடித்ததும் மணி ஒலித்தது. உள்ளே கூப்பிட்டார்கள். நான் கதவோரம் நின்று கேட்டேன். ஏஜெண்டுகள் இருவரும் சொல்லி வைத்தது போல ஒரே பதில் சொன்னார்கள். நல்ல நேரமா? நாங்களா? அப்படி எதுவும் கேட்கவில்லை. வாத்தியார் அவராகவே சீல் வைத்தார்.

"நான் பகுத்தறிவு இயக்கத்துல வளந்தவன்ங்க. நானா எமகண்டம் பாப்பேன்?" என்று மார்தட்டினார் ஒருவர்.

அதிகாரி மாமா பக்கம் திரும்பினார். "ஏன் சார், கணக்கு வாத்தியார்தானே நீங்க? படிச்சவர்தானே? மெஷினுக்கு நேரம் காலம் பாத்து சீல் வைப்பீங்களா? வெட்கமா இல்ல?"

மாமா அதிகாரியின் தலைக்கு மேலே இருந்த கடிகாரத்தை ஒருமுறை பார்த்தார்.

வெளியே வந்து அவரை உலுக்கிவிட்டேன். "ஏன் மாமா சும்மா இருந்தீங்க? நம்மள பன்னெண்டு மணி வரைக்கும் எதுக்கு உக்கார வச்சாருன்னு கேக்க வேண்டியதுதான?"

"என் ஃபைலு அவரு கையில இருக்குது மச்சான்."

ஏஜெண்டுகள் பஸ் ஸ்டாண்ட் வரை கூடவே வந்தார்கள். "மனசுல வச்சுக்காதீங்க சார். கட்சி சொல்றத செய்யணும். கேஸு முடிஞ்சா உங்களுக்கும் எல்லாம் சரியாயிடும்." மாமா தலையாட்டினார். எனக்கு அவர்களுடைய முகத்தைப் பார்க்கவே அருவருப்பாக இருந்தது. பஸ்ஸில் இடம் பிடித்துக் கொடுத்ததும் அவர்கள்தான்.

5

கேஸ் முடிந்தது. எப்படி என்று கேளுங்கள்.

அடுத்த சட்டமன்றத் தேர்தல் நெருங்கியதும் தோற்றவர் ஜெயித்தவரின் பக்கமே போய்ச் சேர்ந்தார். ஜனநாயகத்தைப் படுகொலை செய்தவருக்குப் படுகொலையைக் கண்ணால் பார்த்தவர் பொன்னாடை போர்த்தினார்; பதிலுக்கு அவர் இவருக்குப் போர்த்தினார். படம் எல்லாப் பேப்பரிலும் வந்தது. இணையத்தில் அதைப் பெரிதாக்கிப் பார்த்தேன். இரண்டு பேருக்கும் நல்ல சதை. வழக்கு வாபஸ்.

அதாவது தேர்தலில் ஒரு குறையும் இல்லை என்று ஆகிவிட்டது. ஜெயித்தவர் சரியாக ஜெயித்தார். தோற்றவர் சரியாகத் தோற்றார். ஏஜெண்டுகள் நேரம் பார்க்கவில்லை. எல்லாம் ஒழுங்காக நடந்த அந்தத் தேர்தலில் குற்றவாளி ஒருவர் மட்டும் மிச்சம். உண்மையை எழுதிக் கொடுத்தவர்.

எனக்கு இரண்டு நாட்டு அரசியலும் தெரியும் என்று இங்கே சிலர் என்னை மதிக்கிறார்கள். தெரிந்து என்ன செய்தேன்? இங்கிருந்து அக்காவுக்கு போன் போட்டு, "பாத்துக்கலாம்க்கா" என்று சொல்லிக்கொண்டிருந்தேன். யாழினியின் கழுதை ஓட்டைத் திட்ட எனக்கு என்ன யோக்கியதை என்று இப்போது தோன்றுகிறது. அவள் யாரையும் ஏமாற்றவில்லை; மேலிருந்து கீழே எழுதினாள், சாசேஜ் வாங்கித் தின்றாள், வீட்டுக்கு வந்தாள்.

6

அவள் ஓட்டுப் போட்ட அடுத்த வாரம், ஒரு புதன்கிழமை சாயங்காலம், அக்காவிடமிருந்து போன். மூச்சு வாங்கப் பேசினாள்.

"தம்பி, கவர் வந்துடுச்சுடா! அரசாங்க முத்திரை போட்டது, மாமா பேருக்கு. கையெழுத்துப் போட்டு வாங்கியிருக்கேன். ஆர்டராத்தான் இருக்கும்."

என் கண் தானாகச் சுவர்க் கடிகாரத்துக்குப் போனது. ஐந்தரை மணி நேரத்தைக் கழித்தேன். அங்கே பன்னிரண்டரை. புதன்கிழமை பன்னிரண்டு முதல் ஒன்றரை வரை ராகுகாலம்.

"அக்கா, இப்பப் பிரிக்காத. ஒன்றரை ஆவட்டும்" என்று என் வாய் சொன்னது.

சாப்பாட்டு மேஜையில் இருந்த யாழினி தலையைத் தூக்கி என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வையை இன்னும் என்னால் மறக்க முடியவில்லை. போனில் மாமாவின் குரல் கேட்டது. அவர் குரலை உயர்த்தி நான் கேட்ட ஒரே தடவை அதுதான். "குடு இங்க! அந்த நேரம் பாத்துதான நான் இந்தக் கதிக்கு வந்து நிக்கிறேன்!"

கவர் கிழிகிற சத்தம்.

"மாமா? விட்டுட்டாங்களா? ரிட்டையர்மெண்ட் ஆர்டர்தான?"

"இல்ல மச்சான்" என்றார். "எலக்‌ஷன் டூட்டி."

ஓய்வு பெற அனுமதிக்காததால் காகிதத்தில் அவர் இன்னும் வேலையில் இருக்கிறார். பெயர்களைப் பொறுக்கிய கம்ப்யூட்டருக்கு அது போதும். சட்டமன்றத் தேர்தலுக்கு ஒரு சாவடியின் தலைமை அதிகாரியாக அவரை நியமித்திருக்கிறார்கள். பயிற்சி வகுப்புக்கு வராவிட்டால் ஒழுங்கு நடவடிக்கை எடுக்கப்படும் என்று அடியில் அச்சடித்திருந்ததாம். பயிற்சி வெள்ளிக்கிழமை, பத்தரை மணிக்கு.

போகாதீர்கள், நிலைமையை விளக்கி எழுதிக் கொடுங்கள் என்றேன். அக்கா அழுதாள். "எழுதிக் குடுத்ததெல்லாம் போதும்" என்று சொல்லிவிட்டு, இரண்டு பேனாவையும் பையில் குத்திக்கொண்டு மாமா கடலூர் பஸ் ஏறிப் போயிருக்கிறார்.

அங்கே நடந்ததை அன்று சாயங்காலம் அவரே சொன்னார். ஒரு கல்யாண மண்டபம், கொள்ளாத அளவு வாத்தியார்கள். மேடையில் மேஜை மேல் ஓட்டு இயந்திரம். பயிற்சி கொடுத்தவர் இளைஞர், நன்றாகத்தான் விளக்கினாராம். கிளியர் பட்டன் வந்ததும் மைக்கைக் கையில் எடுத்துக்கொண்டு முன்னால் வந்தார்.

"இதுல ஜாக்கிரதையா இருக்கணும் சார். போன எம்.பி. எலக்‌ஷன்ல இதே மாவட்டத்துல ஒரு வாத்தியாரு, எமகண்டம் வந்துடும்னு பயந்து இதை அமுக்காமலே சீல் வச்சிட்டாரு!"

மண்டபமே சிரித்ததாம். பக்கத்தில் இருந்தவர் மாமாவின் தொடையைத் தட்டித் தட்டிச் சிரித்தாராம். மாமா எழுந்து நின்றார்.

"சார், ஒரு சந்தேகம். அந்த வாத்தியாரு அப்புறம் என்னா ஆனாரு?"

"என்னா ஆவாரு? அப்பவே வீட்டுக்கு அனுப்பியிருப்பாங்க."

"இல்லைங்க சார்" என்றாராம் மாமா. "இன்னும் அனுப்பல."